லேமினேட் போட்ட சான்றிதழ்

குப்பை பிரிக்கும் கூடத்தில் அவளுக்குச் சுண்டியக்கா என்று பெயர். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், சத்தத்தை வைத்தே அது எந்த ரக பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவாள்.

பத்தொன்பது வருடம் இதிலேயே பிழைத்தவளுக்கு, பிளாஸ்டிக்கை அடையாளம் காண மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பழைய பிளாஸ்டிக் கலந்து சாலை போடும் வேலைக்கு இனிமேல் சான்றிதழ் உள்ளவர்களைத்தான் எடுப்பார்களாம். மீனுக்கு நீச்சல் வகுப்பு வைத்து, தினமும் கையெழுத்து வேறு வாங்கினார்கள்.

பயிற்சியாளர் சட்டையில் ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது. ஒரு குழாய்த் துண்டைத் தூக்கிக் காட்டி, "இது ரோட்டுக்கு நல்லா உருகும்" என்றார்.

அவள் வாங்கிச் சுண்டினாள். "இல்ல சார், இதைச் சூடு பண்ணினா விஷப்புகைதான் வரும். தார்ல சேக்கவே கூடாது."

"கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்கம்மா."

அவள் சொன்னது கேள்வியே இல்லை.

மூன்றாம் நாள் கைதட்டலோடு சான்றிதழ் வந்தது. கிழியாமல் இருக்க லேமினேட் போட்டிருந்தார்கள். வீட்டில் கணவர் பெருமையாக ஆணியும் சுத்தியலும் எடுத்தார். அவள் பழக்கதோஷத்தில் அதையும் சுண்டிப் பார்த்தாள்.

"காகிதமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிச்சு. பேப்பர் மூட்டையிலயும் போட முடியாது, பிளாஸ்டிக் மூட்டையிலயும் போட முடியாது" என்றாள். "மாட்டுங்க. சுவத்துல தொங்கறதத் தவிர இது வேற எதுக்கும் ஆகாது."