கடலில் விழுந்தால் அவுட்

"அவுட்! கடலுக்குள்ள போயிடுச்சு, மட்டையைக் குடு!" என்று கத்தியவள் ஹெனாவோ. அப்போது அவளுக்கு எட்டு வயது.

"ஏய், அது சிக்ஸுடி!" என்றான் அண்ணன் மொரேயா.

"சிக்ஸாம் சிக்ஸு. இருக்கிறது ஒரே பந்து. முதல்ல முங்கி எடுத்துட்டு வா, அப்புறம் பேசு."

"பந்து போடத் தெரியாது, பிடிக்கத் தெரியாது. வாய் மட்டும் நீளம்."

"ரூல் ரூல்தாண்ணே."

மட்டையை அவளிடம் எறிந்துவிட்டுச் சட்டையோடு குதித்தான். அவர்கள் ஊரான ஹனுவாபாடாவில் வீடுகளே தண்ணீருக்கு மேல் கம்பங்களில் நிற்கின்றன. தூக்கி அடித்த பந்து பாதி நாள் திரும்பாது. அவன் தூக்கி அடிப்பதையே விட்டுவிட்டான்.

அந்தத் தரையோட்ட ஆட்டம்தான் அவனைப் பத்தொன்பது வயதில் பப்புவா நியூ கினி அணிக்குக் கொண்டுபோனது. பதினோரு வருடம் ஆடினான். பெரிய நாடுகள் அவர்களை அழைத்தது குறைவு. போன இடங்களில் தோற்றதே அதிகம். ஊர் திரும்பினால் மறுநாளே துறைமுகத்தில் லாரிக்குக் கயிறு கட்டப் போய்விடுவான். "வெளிநாட்டு துரை வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்பார்கள் கூட்டாளிகள். அவனும் சிரிப்பான்.

பிறகு அந்தத் தகுதிச் சுற்று வந்தது. தோற்றால் நாட்டுக்குச் சர்வதேச ஒருநாள் ஆட்டமே இல்லை. வீட்டு முன்பலகையில் இருபது பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பந்துக்கு ஆறு ரன் வேண்டும். மட்டை மொரேயா கையில். பந்து தரையில் படாமலே முழங்கால் உயரத்துக்கு வந்தது. அவன் அதைத் தரையோடு விரட்டினான். நான்கு. ஒரு ரன்னில் தோல்வி.

"ஏன்டா தூக்கல? அங்க ஏதுடா கடலு?" என்று சித்தப்பா போனைப் பார்த்துக் கத்தினார். ஹெனாவோ எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருடம் பயணமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. எப்போதாவது ஆட்டம் கிடைத்தபோது புதியவர்களை எடுத்தார்கள். மொரேயாவின் மட்டை கூரைக்கும் சுவருக்கும் நடுவே செருகிக் கிடக்கிறது. அதை எடுக்கட்டுமா என்று ஹெனாவோவும் கேட்டதில்லை.

அந்தத் தகுதிச் சுற்றில் தோற்று அவன் ஊர் திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹெனாவோவை வாசலில் மறித்தான். அவனுடைய இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.

"எல்லாரும் கேப்பாங்க. கால் பிடிச்சுக்கிச்சு, அதான் தூக்கி அடிக்க முடியலைன்னு சொல்லிடும்மா. நீ சொன்னா நம்புவாங்க."