செல்வி வீட்டு நாவல் மரம்

சந்தையில் நாவல்பழக் கூடையின் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதும், தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் என் தோழி செல்வி வீட்டுக் கிணற்றின்மேல் சாய்ந்து நின்ற மரம் நினைவுக்கு வந்தது. உதிர்ந்த பழங்களை மண் ஊதி, உப்புத் தொட்டு, நாக்கு ஊதாவாகும்வரை நாங்கள் இருவர்தான் தின்போம். பவானியிலிருந்து வனஜா எங்கள் வகுப்புக்கு வந்தபின், செல்வி கொம்பேறிப் பறித்த முதல் பிடி அவளுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது.

செல்வியின் அப்பாவிடம் போய், "மாமா, செல்வி கெணத்துக்கு மேல போற கொம்புல ஏறுறாளுங்க" என்றேன்.

மறுநாளே மரத்தை வெட்டிவிட்டார். யார் சொன்னதென்று தெரியாத செல்வி, அழுது வீங்கிய முகத்தோடு பாவாடை நிறையப் பழம் கொண்டுவந்தாள்.

"கடைசிப் பழம் புள்ள. எல்லாம் உனக்குத்தான்."

"வனஜாவுக்குக் குடுக்கலயா?"

"இல்ல."

அதன்பிறகுதான் கையை நீட்டினேன்.