நாகப்பன் கங்காணியின் முயல் பெரட்டு

தேயிலைக் காட்டில் கங்காணி வேலை போன பிறகும் நாகப்பன் காக்கிக் கோட்டைக் கழற்றவில்லை. விசிலையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதட்ட ஆள் வேண்டுமே! லயத்து வீட்டுக்குப் பின்னால் கூண்டு அடித்து, முயல் குட்டிகளை வாங்கி வளர்த்தார். தோட்டத்தில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுத்ததுபோல, தினமும் காலையில் விசில் ஊதிப் பெரட்டு எடுப்பார். ஒவ்வொன்றாகத் தூக்கி, வாலுக்கடியில் தடவிப் பார்த்து, அதே விரலால் நெற்றியில் திருநீறு பூசி இறக்குவார். முயல்கள் எதிர்த்துப் பேசாதது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசிக் கூண்டு மட்டும் மனைவி பவளத்துடையது. ஒரு தாய் முயல், பால் மறக்கும் வயதில் ஆறு குட்டிகள். அவை வளர்ந்து கியா பார்ம் சந்தையில் விலைபோனால் பழைய தையல் மெஷின் ஒன்றுக்கு வழி பிறக்கும். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

எண்பத்து மூன்றாம் வருட மழையில் நாகப்பனின் குட்டிகள் நீராகக் கழிந்து சாய ஆரம்பித்தன. திரிங்காப் ஊர் லாரிக்காரன் போட்டுவிட்டுப் போன ஈரக் கோஸ் இலையை அவர் திட்டித் தீர்த்தார். தானா ராத்தாவிலிருந்து வந்த கால்நடை அதிகாரி அமிர்தலிங்கம் வேறு காரணம் சொன்னார்.

"இது வைரஸ்ணே. கழிசல்லேருந்து கையில ஒட்டிக்கிட்டு அடுத்த கூண்டுக்குப் போகும். மருந்து கெடையாது. சோப்பு போட்டுக் கழுவாம இன்னொண்ணத் தொடாதீங்க."

"முப்பது வருசமா இந்த மலையில இருக்கேன்லா. அப்படி ஒண்ண நான் கண்ணால கண்டதில்ல."

"கண்ணுக்குத் தெரியாதுண்ணே."

"அப்ப ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" ஜெயித்துவிட்ட மிதப்பில் நாகப்பன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பவளம் தன் கூண்டைச் சமையல்கட்டுப் பக்கம் நகர்த்தினாள். தனி வாளி, தனிப் புல், பக்கத்திலேயே சோப்பு. அவர் குட்டிகள் குறையக் குறைய அவள் குட்டிகள் துள்ளின. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பியவள் திகைத்து நின்றாள். ஆறு நெற்றியிலும் திருநீறு.

"பெரட்டுக்கு வராம ஒளிச்சா வைக்கிற? நானே வந்து பூசிட்டேன்," என்றார்.

"கையக் கழுவுனீங்களா?"

"துன்னூறு பூசுற கைக்கு ஏது புள்ள அழுக்கு?"

அந்த வாரமே குட்டிகள் வால் நனைந்து குறுகி உட்கார்ந்தன. கடைசிக் குட்டியை அவள் புதைத்தபோது நாகப்பன் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார். "யாரோ கண்ணு வச்சுட்டாங்க."

பவளம் மண்ணை மூடிவிட்டுப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

மறுநாளும் நாகப்பன் விசில் ஊதினார். காலிக் கூண்டுகளைக் கம்பீரமாகக் கடந்து, மிஞ்சியிருந்த தாய் முயலைத் தேடித் திருநீற்றுத் தட்டோடு வந்தார். பவளம் கூண்டை மறித்து நின்றாள். சோப்புக்கட்டியை எடுத்து, திருநீற்றுக்கு நடுவில் வைத்தாள்.

"மொதல்ல இதப் பூசிட்டு வாங்க, கங்காணி."