மடிப்பில் வரைந்த வீடு

தெருவில் அவளுக்கு டேப் அக்கா என்றுதான் பெயர். அளவு நாடா கழுத்தில் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கடைக்குப் போனாலும் வங்கி வரிசையில் நின்றாலும் அது கிடக்கும். ஒருமுறை டாக்டர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் நெஞ்சில் குழாயை வைத்தார். கழற்றியதும் ஏதோ மேல்துணி இல்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கணவன் இருந்தவரை தையல் அவளுக்குக் கைச்செலவுக்கு. யாரும் பெரிதாக நினைக்காத ஒரு காய்ச்சலில் அவன் போன பிறகு அதுவே பிழைப்பு. அவன் விட்டுப்போனவை இரண்டு. பேருந்துப் பாதை ஓரமாக ஒரு காலி மனை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட ஒரு தங்கை.

அந்த நாத்தனாருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ரொட்டிகளை உறையில் போட்டு அடுக்க வேண்டும். பொழுது சாயும்போது போனால் விடிந்துதான் வருவாள். வந்ததும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணுக்கு மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வாடகைக்கு இருந்தது ஒரே அறை. தையல் மிஷின் அவள் தலைமாட்டிலேயே ஓடும். ஒருத்தி எழுந்தால் ஒருத்தி படுப்பாள். இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதென்றால் வார விடுமுறை வரவேண்டும். அன்றைக்கும் பேச்சு பொத்தான், தண்ணீர் மோட்டார், பல்வலி என்றுதான் போகும்.

உறவுக்காரர்கள் வந்தால் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "அண்ணனே போயிட்டான். இனிமே அண்ணி என்ன, நாத்தனார் என்ன?"

"அளவு குடுக்க வந்தீங்களா, அலசிப் பாக்க வந்தீங்களா?" என்று டேப் அக்கா நாடாவை உதறுவாள். பேச்சு அதோடு முடிந்துவிடும். நாத்தனார் பஞ்சடைத்த காதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது, மனையில் வீடு கட்டிவிடுவது என்று டேப் அக்கா முடிவெடுத்தாள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு இன்ஜினியரைப் பற்றிச் சொன்னார். அவரிடம் தயாராகப் பல படங்கள் இருக்கின்றன, பிடித்ததைக் காட்டினால் போதும்.

"ரெடிமேடா?" என்றாள் டேப் அக்கா. "ரெடிமேட் வாங்கிட்டு வந்து, இடுப்புல பிடிச்சுக் குடு, கையை ஏத்திக் குடுன்னு நிக்கிறவங்களத்தான் நான் தினமும் பாக்கறேனே. வீட்டை வாங்கிட்டு நான் யாருகிட்ட போய் நிக்கறது?"

தன் வீட்டைத் தானே வெட்டுவதென்று தீர்மானித்தாள். முதலில் தன்னை அளந்துகொண்டாள். அவள் குள்ளம். இதுவரை இருந்த சமையலறை மேடைகளெல்லாம் அவள் மார்புக்கு வரும். பலகை போட்டு ஏறி நின்றுதான் சமைத்தாள். மேடைக்கான உயரத்தைத் தன் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் இறக்கிக் குறித்துக்கொண்டாள். பரண் வேண்டாம், ஏறமுடியாது. மிஷின் போடும் இடத்துக்கு இடது பக்கம் ஜன்னல், கிழக்குப் பார்த்து. ஊசிக் கண் தெரிய காலை வெளிச்சம் வேண்டும். வெட்டுமேஜையைச் சுற்றி நாலு பக்கமும் நடக்க வழி. குளியலறையில் படி கூடாது, முழங்கால் பேசும். படுக்கும் அறையிலிருந்து பார்த்தால் முன்கதவின் தாழ் தெரிய வேண்டும். போட்டோமா இல்லையா என்று எழுந்துபோய்ப் பார்ப்பது அவள் வழக்கம்.

சட்டை வெட்ட வைத்திருந்த பழுப்புத்தாளில், ஒரு அடிக்கு ஒரு இஞ்ச் என்று வரைந்தாள். முன்னால் தையலறை, அதன்பின் படுக்கையறை, சமையலறை, கடைசியில் குளியலறை. நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி அது?"

"முடியட்டும், பாப்ப." தாளைச் சுருட்டிவிட்டாள். இஸ்திரி போடாத துணியை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

மேஸ்திரி தாளைத் தரையில் விரித்துக் குந்தினார். பல வீடு கட்டியவர். சிரிக்காமல் நையாண்டி செய்வார்.

"கோட்டுக்கு வெளியில சுத்தி இன்னொரு கோடு புள்ளி புள்ளியா ஓடுதே, அது என்ன?"

"அது தையலுக்கு விட்டது."

"சுவரையா தைக்கப் போறீங்க?"

டேப் அக்காவுக்கே சிரிப்பு வந்தது. "கை பழக்கம். சுவர் கனம்னு வெச்சுக்கங்க."

"பின்னால குண்டாயிட்டீங்கன்னா பிரிச்சு விடலாம்னு பாத்தேன்."

"உங்க வாயைத்தான் முதல்ல தைக்கணும்."

அவள் தாளின் பாஷை தனக்குப் பிடிபட்டுவிட்டது என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். தாளின் நேரான விளிம்பில் சின்னதாக இரண்டு கோடுகள் போட்டிருந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அது பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம். சீருடைத் துணி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கும், அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டிய அன்றைக்கும் அவள் மனைப்பக்கம் போகவில்லை. தாளைக் கொடுத்தாயிற்று, வெட்டுகிறவன் வெட்டுவான்.

நாத்தனார்தான் தினமும் பார்த்தாள். தொழிற்சாலைப் பேருந்து அந்த வழியாகத்தான் வரும். ஒரு காலையில் இறங்கி, தோண்டிய வாணத்தின் ஓரமாக நடந்து பார்த்தாள். மண்ணில் வீட்டைப் படிப்பது கஷ்டமில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் சின்னதாக இரண்டு.

"படுக்கிற ரூம் எத்தனைங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா. ஒருத்தருக்கு அளவெடுத்த சட்டை மாதிரி, கச்சிதமா இருக்கு."

அவள் அடுத்த பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்த வார விடுமுறையன்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். துணிப்பெட்டி. பரணில் கிடந்தது.

"ஜிப்பு மாத்திக் குடுங்க அண்ணி."

டேப் அக்கா பழைய ஜிப்பைப் பிரித்து எறிந்தாள். புதியதை வைத்துக் குத்தி, ஒரு பக்கம் தைத்து முடித்த பிறகுதான் மிஷினை நிறுத்தினாள்.

"எங்க கிளம்பற?"

"ஃபேக்டரி விடுதியில இடம் இருக்குன்னாங்க. எழுதிக் குடுத்திருக்கேன். இந்த வாரம் பதில் சொல்லணும்."

"விடுதியா? எதுக்கு?"

"வீட்டுல ஒரு ரூம்தானே."

"எந்த வீட்டுல?"

"உங்க வீட்டுல."

'உங்க' என்ற சொல் டேப் அக்காவுக்கு ஊசி நகத்தில் ஏறியது போலிருந்தது. "யார் சொன்னா ஒரு ரூம்னு?"

"நான் பாத்தேன். தோண்டியாச்சு. தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, நான் கோவிச்சுக்கிட்டுப் போகலை. இத்தனை நாள் வெச்சுக்கிட்டதே பெரிசு."

"எழுந்திரு" என்றாள் டேப் அக்கா. ஒரு பக்கம் தைக்காத பெட்டி மிஷினிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். டேப் அக்கா வாணத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். பிறகு, மேற்குப் பக்கத்து நீளச் சுவர் வரவேண்டிய பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள். அதற்கு அந்தப் பக்கம் மணல் குவியல், செங்கல் அடுக்கு, சித்தாள்களின் சாப்பாட்டுப் பாத்திரங்கள்.

"மீதி எங்க?" என்றாள்.

"எது மீதி?"

"மீதி வீடு."

மேஸ்திரி சித்தாள்களைப் பார்த்தார். யாராவது எடுத்துப் போயிருப்பார்களோ என்பதுபோல அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாள்ல என்ன இருந்துச்சோ அது வந்திருக்கு தாயி. ஒரு விரல் கூடக் குறைச்சல் இல்லை."

"இது மடிப்பு" என்று பள்ளத்தைக் காட்டினாள் டேப் அக்கா. "ரெண்டு கோடு போட்டிருந்தேனே விளிம்புல. துணியை ரெண்டா மடிச்சு, பாதித் தாளை மடிப்புல வெச்சுதானே வெட்டுவோம்? விரிச்சா முழுசா வரும். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவ."

"வீட்டை யாராவது மடிச்சு வெட்டுவாங்களா?"

"முழுசா எவ வரைவா? தாள் தண்டம்."

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அந்த ரெண்டு கோட்டைச் சுவர்னு நினைச்சேன். என் சர்வீஸ்ல பாதி வீடு கட்டிட்டு ஓடிப்போனவங்களப் பாத்திருக்கேன். பாதி வீட்டைக் குடுத்துட்டு முழுசைக் கேக்கறவங்கள இப்பதான் பாக்கறேன்."

சித்தாள்கள் சிரித்தார்கள். டேப் அக்கா சிரிக்கவில்லை. நாத்தனார் மணல் குவியலைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தாள்.

"இது எனக்கா?"

"வேற யாருக்கு? இதுகூடச் சொல்லணுமா?"

"நீங்க சொல்லவே இல்லையே அண்ணி."

டேப் அக்கா நாத்தனாரின் முகத்தில் ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அந்தப் பெட்டியைப் பரணில் போட்டுவிடலாம். ஆனால் நாத்தனார் செங்கல் அடுக்கைச் சுற்றி, தனக்கு வரப்போகிற அறைகளின் வழியாக மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.

"ஜன்னல் எந்தப் பக்கம் வருது எனக்கு?"

"என்னுது கிழக்கு. விரிச்சா உன்னுது மேற்கு. அதில்லாம தெருப்பக்கம் ஒண்ணு."

"பகல்ல தூங்கறவளுக்கு மேற்கு வெயிலும் தெருச் சத்தமும். முன்னால இவ்வளவு பெரிய ரூம் எதுக்கு?"

"என்னுது எப்படியோ அப்படித்தான் உன்னுதும். கூடக் குறைச்சல் இருக்கக்கூடாதுன்னு பாத்தேன்."

"அங்க நீங்க மேஜை போடுவீங்க. நான் ரொட்டியா அடுக்கப் போறேன்? சமையல் மேடை உங்க உயரத்துக்கு. நான் குனிஞ்சு குனிஞ்சு சாகவா? முதல்ல எனக்குச் சமையல்ரூம் எதுக்கு? நான் என்னைக்குச் சமைச்சேன்?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா?" டேப் அக்காவின் குரல் ஏறியது. "இத்தனை வருஷமா உனக்கு யார் தைக்கறா?"

"உங்களுக்குத் தெரிஞ்சது என் சட்டை அளவு."

மேஸ்திரி பீடி பற்றவைக்கிற சாக்கில் தள்ளிப் போனார். டேப் அக்காவின் கை நாடாவின் இரும்பு முனையைத் திருகிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேர் துணியைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் குற்றம் அவர்கள் மேல்தான் இருக்கும். இரண்டு சுற்று பெருத்திருப்பார்கள்.

"சரி. நீ சொல்லு" என்றாள் கடைசியில். "அவர்கிட்டயே சொல்லு. எனக்கு வரையத் தெரியலை."

நாத்தனார் சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல். ஒரே ஒரு அறை போதும், பின்பக்கம் தள்ளி. ஜன்னல் வேண்டாம், காற்றுக்கு மேலே சின்னத் துவாரம். வேலை முடிந்து வந்ததும் மாவு போகக் குளிக்க வேண்டும், அதனால் குளியலறை நுழைந்தவுடனே, கட்டிலுக்கு முன்னால். சாப்பாடு அண்ணியிடம். கால் நீட்டினால் இடிக்காத கட்டில், அதற்கேற்ற நீளம். அண்ணி பக்கத்துச் சுவர் இரட்டைக் கனம்.

மேஸ்திரி ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். "நடுச்சுவர்ல ஒரு கதவு வெச்சிடறேன். போக வர."

"வேணாம்" என்றாள் நாத்தனார். "கதவு வெச்சா மிஷின் சத்தம் அது வழியா வரும். எனக்கு வாசல் தனியா, சந்துப் பக்கம்."

"தனி வாசலா?" என்றாள் டேப் அக்கா.

"நீங்க தூங்கறப்ப நான் தாழ் திறந்தா எழுந்துக்கறீங்க. நான் தூங்கறப்ப உங்ககிட்ட அளவு குடுக்க வர்றவங்க என்னைத் தாண்டிப் போறாங்க. எனக்கு ஒரு கதவு வேணும் அண்ணி. திறக்கவும் சாத்தவும்."

கதவு தனி என்றால் அதன் வழியாக ஒருநாள் பெட்டியோடு போகவும் செய்யலாம். அதை டேப் அக்கா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியும் விட்டாள்.

"அப்படியே ஒருநாள் கிளம்பிப் போயிட்டா எனக்குத் தெரியாதே."

"போறதா இருந்தா இப்பவே விடுதிக்குப் போறேனே. எதுக்கு மாடு மாதிரி நின்னு கத்திக்கிட்டிருக்கேன்?"

மேஸ்திரி குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கோடு போடவா, வேணாமா?"

"போடுங்க" என்றாள் டேப் அக்கா. "அவ சொல்றபடி."

வீடு எழும்பி நின்றபோது பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் அகலம். மறு பக்கம் ஜன்னலில்லாத ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த சட்டை என்று மேஸ்திரியே சொன்னார். அந்தத் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், பின்னால் இருப்பது கிடங்கா என்று கேட்டார்கள். "என் நாத்தனார் இருக்கா" என்று டேப் அக்கா மிஷினிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்.

குடிபோன பிறகு அவளுக்கு எல்லாம் கைக்கு எட்டியது. பலகை போடாமல் சமைத்தாள். காலையில் இடப்பக்கமிருந்து வெளிச்சம் ஊசியின் மேல் வந்து விழுந்தது. படுத்தபடியே தாழ் தெரிந்தது. தெரியாமல் போனது ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் வந்தாயிற்றா, இன்னும் வரவில்லையா என்பது. மேஸ்திரி சொன்ன சொல் தவறாமல் இரட்டைக் கனம் வைத்திருந்தார், இருமினாலும் கேட்காது. சாப்பாட்டுக்கு நாத்தனார் சாயங்காலம் வருவாள். பேருந்து நின்று போகிற சத்தத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் ஒரு முழுப் பகல் இருந்தது. முன்பெல்லாம் அந்தப் பகல் முழுக்க அவளுடைய மூச்சு மிஷினுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதே டேப் அக்காவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஒரு முற்பகலில் மிஷினை நிறுத்தினாள். வெளியே வந்து, தெருவில் இறங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போனாள். தன் வீட்டு ஆளின் கதவைத் தட்டுவது இதுதான் முதல் தடவை. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்று தெரியவில்லை. லேசாகத் தட்டினாள். பிறகு பலமாக.

தாழ் விலகியது. நாத்தனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லை. சும்மா."

"தூங்கறப்ப யாரும் எழுப்பக்கூடாதுன்னுதானே இவ்வளவு கஷ்டப்பட்டு வாசல் வெச்சது?"

"சரி, படு. நான் போறேன்."

"எழுப்பியாச்சு, இனி எங்க போறீங்க? உள்ள வாங்க, வெயில் வருது."

டேப் அக்கா உள்ளே நுழைந்தாள். கதவு சாத்தப்பட்டதும் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு இருட்டை அவள் பகலில் பார்த்ததில்லை.

"எங்கடி உக்கார்றது?"

"நேரா வாங்க. கட்டில்தான்."

கையை முன்னால் நீட்டி, நாத்தனாருடைய அறையில் அவளுடைய குரல் வந்த பக்கமாக டேப் அக்கா மெதுவாக நடந்தாள்.