நான் வைக்காத கீரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்தது. அதற்கப்புறம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

“சார், வணக்கம். யோங் பெங்லேர்ந்து மாணிக்கம் பேசுறேன். பேப்பர் ஆபீஸ்ல கேட்டு உங்க நம்பர வாங்கினேன். நீங்க எழுதின கீரைய வெச்சுப் பாத்தேன் சார்...”

வாசகர் போன் என்றாலே எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிடும். உடனே ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி செலினும் கேட்கட்டுமே!

எந்தக் கீரை என்கிறீர்களா? போன மாதம் இதே பக்கத்தில், ஸ்லோ குக்கரில் கொலார்ட் கீரை வைப்பது பற்றி எழுதியிருந்தேன். கைலான் என்கிற சீனக் கீரைக்கு அண்ணன் மாதிரி இருக்கும், இலை மட்டும் முறம் அகலம். அமெரிக்காக்காரர்கள் மணிக்கணக்காக வேகவைத்துச் சாப்பிடுவார்களாம். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு, கேமரன் மலைக் காய்கறிகளோடு எப்போதாவது வரும். ‘இலையை நறுக்கிப் போடுங்கள். நெத்திலி, வெங்காயம், காய்ந்த மிளகாய் சேருங்கள். தண்ணீர், உப்பு. சுவிட்சைத் தட்டுங்கள். சாயங்காலம் அமிர்தம்! என்னாலேயே முடிந்தது, உங்களால் முடியாதா?’ என்று ஜம்பமாக முடித்திருந்தேன்.

“என் சம்சாரத்துக்கு முட்டி ஆபரேஷன் சார்,” என்றார் மாணிக்கம். “டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டாரு. நான் கல்யாணமானதுலேர்ந்து அடுப்புப் பக்கம் போனதில்ல. உங்க எழுத்தப் படிச்சுட்டுதான் தைரியம் வந்துச்சு. மருமகன் குக்கர் வாங்கிக் குடுத்தாரு. மார்க்கெட்ல சொல்லி வெச்சு கீரை வாங்கினேன்...”

“எப்படி வந்தது?” என்றேன். பாராட்டுக்கு நான் ரெடி.

“அலமாக், சார்! ஒரே உப்பு. தண்டு வேற நாரு நாரா... தண்ணி கொளம் மாதிரி நிக்குது. அவ அப்படியே சாப்பிட்டுட்டா. ஆனா மறுநாள் காலையில பாக்குறேன், வாக்கரப் புடிச்சுக்கிட்டு அவளே அடுப்படியில நிக்கிறா. வேணாம் வேணாம்னாலும் கேக்கல. நான்தான் ஏதோ தப்பா செஞ்சுட்டேன் போலருக்கு. எங்க தப்புன்னு நீங்கதான் சொல்லணும்.”

தப்பு எங்கே என்று எனக்கு மட்டும் தெரியுமா?

நடந்தது இதுதான். செலினுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பி எல்லைப் பாலம் தாண்டிவிடுவாள். கீரையை முந்தின நாளே அலசி, நறுக்கி, பானையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். காலையில் நான் பானையை எடுத்துக் குக்கரில் வைத்து சுவிட்சைத் தட்டுவேன். அவ்வளவுதான் என் சமையல்! வீடெல்லாம் மணக்கும்போது நானே சமைத்த மாதிரி ஒரு மிதப்பு வரும். அந்த மிதப்பில் எழுதியதுதான் ‘என்னாலேயே முடிந்தது’. முந்தின நாள் அவள் அந்த இலைகளை என்னென்ன செய்தாள் என்று நான் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. பத்தி வெளிவந்த அன்று அவளும் படித்தாள். “நல்லா இருக்கு” என்று பேப்பரை மடித்து வைத்தாள்.

இப்போது மாணிக்கம் லைனில் காத்திருக்கிறார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? “அது வந்து... முதல் தடவை அப்படித்தான் இருக்கும்... போகப் போகப் பழகிடும்...” என்று மழுப்பினேன். அறுவை சிகிச்சை செய்த காலோடு ஒரு பெண் அடுப்பின் முன் நிற்கிறாள். நான் மழுப்புகிறேன்! வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது.

செலின் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணே, நான் சாரோட வீட்டுக்காரி பேசுறேன். நடுத்தண்ட மொதல்ல உருவிப் போட்டுடுங்க. எலைய சுருட்டி மெல்லிசா நறுக்குங்க. தண்ணி அரை கப் போதும், கீரையே தண்ணி விடும். உப்பு மொதல்ல போடவே கூடாது. பானை நெறைய இருக்கேன்னு அதுக்கு ஏத்த மாதிரி போட்டிருப்பீங்க, வெந்தா ஒரு கையளவுதான் வரும். நெத்திலிலயும் உப்பு இருக்குல்ல? கடைசியில ருசி பாத்துப் போடுங்க. கொஞ்சம் புளித்தண்ணியும் விடுங்க. அக்காவ எந்திரிக்க விடாதீங்க. சந்தேகம் வந்தா எந்த நேரமும் கூப்பிடுங்க.”

மாணிக்கம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குரலில் தெம்பு வந்துவிட்டது.

“ரொம்ப சந்தோஷம்மா. நீங்க குடுத்து வெச்சவங்க. இப்படி சமைக்கிற புருஷன் யாருக்குக் கெடைக்கும்லா?”

செலின் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்க எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமாண்ணே,” என்றாள். “எல்லாம் அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்.”

போனை வைத்துவிட்டு மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். இரண்டு திட்டு திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவள் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது, அதையும் நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் இன்னும் அறுக்கிறது.

மாணிக்கம் அண்ணே, உங்களிடம் பேசினாரே செலின், அவர்தான் சமைக்கிறவர். நான் சுவிட்ச் தட்டுகிறவன்.