சிரித்தால் தோல்வி

கேளம்பாக்கத்தில் நான் குடியிருந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் ஏறும்வரை பேச ஆள் கிடையாது. மிகைப்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணியே பார்த்தேன். மெஸ்ஸில் "ரெண்டு தோசை", பிறகு "தண்ணி". கடையில் "சோப்பு". சாயங்காலம் அம்மாவிடம் போனில் "சாப்பிட்டேன்". மொத்தம் ஐந்து வார்த்தை. ஆறாவதாக ஒன்று சொல்லலாம் என்று கண்ணாடி முன்னால் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, பல் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆபீசில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நான் சுலபத்தில் ஒட்டுகிற ஆளும் இல்லை. மூக்குக்கு மேல் கோபம், அதற்கும் மேல் ரோஷம். யாராவது சாப்பிடக் கூப்பிட மறந்தால், அடுத்த நாள் அவர்கள் கூப்பிட்டாலும் போக மாட்டேன். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அம்மா எனக்காகச் சப்பைக்கட்டு கட்டுவாள். குணம் இருந்ததோ இல்லையோ, பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் அந்தக் காலி இடத்தில்தான் ஒரு நாள் அவன் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தான். செங்கல்பட்டுக்காரன். அப்பாவுக்குப் பாலாற்றுப் பக்கம் நிலம், அண்ணன் லாரி ஓட்டுகிறார், வீட்டில் முதல் சம்பளக்காரன் இவன். பஸ் அவன் ஊரிலேயே கிளம்பித் திருப்போரூர் வழியாக வரும். கேளம்பாக்கத்தில் நான் ஏறும்போது அவன் ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருப்பான். எந்த அறிமுகமும் இல்லாமல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கேளம்பாக்கத்தில் சந்தேகம் கேட்டால் ஏன் பதில் வராது என்பது. எனக்கு அப்போதுதான் குடிநீர் லாரி விஷயமாக வீட்டுக்காரரிடம் சண்டை. வராதுதான், யாரும் சொல்ல மாட்டார்கள்தான் என்று சீரியஸாகப் பொங்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கேளம்பாக்கம் மச்சான். சொல்லம்பாக்கமா?" என்றான்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. "தாங்கல சாமி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

மறுநாளும் வந்து உட்கார்ந்தான். இட்லிக்கும் சட்னிக்கும் சண்டை வந்தால் யார் விலக்கிவிடுவார்கள் என்று கேட்டான். அவனே பதிலும் வைத்திருந்தான்: சாம்பார், ஏனென்றால் அதுதான் இரண்டோடும் கலந்து பேசும். எனக்கு என்ன தோன்றியதோ, சாம்பார் எல்லாம் வேண்டாம், வாய் போதும், இரண்டையும் பிடித்து உள்ளே தள்ளிவிடும் என்றேன். பட்டென்று முதுகில் ஓர் அடி விழுந்தது. நல்ல அடி. முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஏம்லே அடிக்க என்று ஊர்ப் பேச்சிலேயே சீறினேன்.

அப்போதுதான் அவன் தன் சட்டத்தைச் சொன்னான்.

"சிரிக்கிறது மரியாதிக்கு மச்சான். கல்யாணத்துக்கு வந்தவன்கூட சிரிப்பான். தாங்காம கை வரணும். அட்ச்சா நீ ஜெயிச்ச, சிரிச்சா நீ தோத்த."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் கணக்கு. அவன் கேட்பான், தன் பதிலையும் சொல்வான். அதைவிடப் படுமோசமான பதில் ஒன்றை நான் சொல்ல வேண்டும். அவன் வெறுமனே சிரித்தால் எனக்குத் தோல்வி. கை நீண்டால் வெற்றி. ரோடு அப்போது முழுக்கத் தோண்டிக் கிடந்ததால் சிறுசேரி போகப் போதுமான நேரம் கிடைத்தது. குண்டும் குழியுமாகத் தோண்டிப் போட்டவர்களை ஊரே திட்டியது, நான் திட்டவில்லை.

வெட்கமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் என்னைத் தொட்ட ஆள் அவன் ஒருவன்தான். முடிவெட்டுகிறவரைச் சேர்க்காவிட்டால். அந்த அடிக்காக நான் குளிக்கும்போதெல்லாம் பதில் யோசித்தேன்.

ஒரு வருஷம் கழித்து அவன் வேறு கம்பெனிக்குப் பெங்களூர் போனான். கடைசி நாள் பஸ்ஸில் வழக்கம்போலக் கேள்விதான் கேட்டான், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொண்டேன். கோவளம் ரோடு முக்குத் தாண்டியதும் செல்போனில் ஒரு மெசேஜ். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். கொசுவுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?

சிறுசேரி வருவதற்குள் பதில் அனுப்பினேன். இன்டர்வியூவில் எல்லாரும் கைதட்டினார்கள், அதோடு சரி.

போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. மிஸ்டு கால். எடுத்துத் திரும்பப் பேசப் போனேன், பிறகுதான் உறைத்தது. அது அடி. பெங்களூரிலிருந்து வந்த அடி. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றரை வருஷம் அப்படியே போனது. பேசிக்கொள்ளவே மாட்டோம். காலையில் கேள்வி, என் பதில், பிடித்தால் மிஸ்டு கால். பிடிக்காவிட்டால் ஒன்றும் வராது, நான் மத்தியானம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். சனி ஞாயிறுகளிலும் வரும். அப்படி வந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாண்டினேன். எத்தனையோ பேரைத் தெரிந்தவன், எனக்கென்று தினமும் ஒரு கேள்வி யோசிக்கிறானே என்று நினைத்துக்கொள்வேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் யாரும் இல்லை.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செங்கல்பட்டிலேயே மண்டபம். முகூர்த்தத்தன்று காலை நான் செங்கல்பட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்துவிட்டது. காலையில் போடுவதை ஏன் மாலை என்கிறார்கள்? தாலி கட்டப் போகிறவன் மணவறையில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கேள்வி அனுப்புகிறான் என்று எனக்கு ஒரே பெருமை. எனக்குப் பதில் உடனே தோன்றவில்லை. பரவாயில்லை, மேடையில் ஏறி நேரிலேயே சொல்லி, மாலையும் கழுத்துமாக இருக்கிறவன் கையால் ஓர் அடி வாங்கலாம் என்று வைத்துக்கொண்டேன். மடியில் அவனுக்கு வாங்கிய சுவர்க்கடிகாரம், பளபளவென்ற தாளில் சுற்றியது.

நான் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மேடையில் பெரிய வரிசை. யாரோ கையைப் பிடித்துப் பந்திக்கு அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்தில் அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள், ஆறேழு பேர். என்னை யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைக் காலுக்கடியில் வைத்துவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தேன்.

அவர்களில் ஒருத்தன் போனை எடுத்து, மாப்பிள்ளை இன்றைக்கும் விடவில்லை என்று படித்துக் காட்டினான். காலையில் போடுவதை ஏன் மாலை என்கிறார்கள். எனக்கும் வந்தது என்றான் இன்னொருத்தன். எனக்கும். எனக்கும். வரிசையாக எல்லார் பாக்கெட்டிலும் இருந்தது என் கேள்வி.

சாம்பாரை ஊற்றினார்கள். நான் கை வைக்கவில்லை.

அவர்கள் பேச்சு நிற்கவில்லை. கேள்வி எல்லாம் சப்பை, மத்தியானம் அவன் ஒரு பதில் அனுப்புவானே, அதற்காகத்தான் காத்திருப்போம் என்றார்கள். கொசுவுக்குக் கைதட்டிய கதையைச் சொல்லி ஒருத்தன் இன்னொருத்தன் முதுகில் ஓங்கி அடித்தான். இட்லி சட்னிக்கும் அடி விழுந்தது. அத்தனையும் என்னுடையவை. அடி மட்டும் அவர்களுக்கு.

"ஆமா, யார்ரா அந்தப் பதில் சொல்ற ஆளு?"

"கேளம்பாக்கத்துல எவனோ கீறானாம். வேலவெட்டி இல்லாதவன் போல, கேட்ட நிமிசம் பதில் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அந்தப் பதில்காரன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கு ஏழு சிநேகிதர்கள் கிடைத்திருப்பார்கள். இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது இரண்டுதான். கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. நான் வேலைவெட்டி இல்லாதவன். பாயசம் வரும்முன் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நின்றிருந்த மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். கடற்கரையில் குடும்பம் குடும்பமாக ஜனம். மீன் வறுக்கிற வாசம். கழுத்தில் கேமரா மாட்டிய ஆள் ஒருவர், போட்டோ எடுக்கலாமா என்று என் பின்னாலேயே வந்தார். "கூட யாரும் வர்ல்லியா சார்?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் கடிகாரப் பெட்டியையும் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்.

மணலில் உட்கார்ந்து வெகுநேரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் அனுப்புகிற கேள்வியை எனக்கும் தூக்கிப் போட்டிருக்கிறான். என் பதிலை ஊருக்கெல்லாம் விநியோகம் வேறு. வெயில் தாழ்ந்து கடல் கறுக்கத் தொடங்கியபோது, பாழாய்ப்போன பதில் தானாக வந்தது. காலையில் போட்டாலும் அது மாலைதான், ஏனென்றால் போட்ட பிறகு இருட்டிவிடும்.

நல்ல பதில். எனக்கே கை துறுதுறுத்தது. போனை எடுத்துத் தட்டவும் தொடங்கினேன். அப்போது போன் ஒரு தடவை அடித்து நின்றது.

அவன்தான். மிஸ்டு கால்.

நான் எந்தப் பதிலும் அனுப்பவில்லை, அப்புறம் எதற்கு அடி? ஏதோ கைதவறி அழுத்தியிருப்பான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது பொய். ஏன் வரவில்லை என்று கேட்கிறான் என எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. தெரிந்தும், கேட்கட்டும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று தட்டியதை அழித்துவிட்டுப் போனை அணைத்தேன்.

மறுநாள் கேள்வி வரவில்லை. புது மாப்பிள்ளை, வராதுதான். ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாசம் பார்த்தேன். அவன் முதலில் அனுப்பட்டும் என்று நானும், பதில் வரட்டும் என்று அவனுமாக இருந்திருக்கிறோம் போலிருக்கிறது. நாலைந்து தடவை நானே ஒரு கேள்வி தட்டி, அனுப்பாமல் அழித்தேன். கடிகாரம் சுற்றிய தாளோடு அலமாரி மேலேயே இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைக்கிற பழக்கத்தையும் விட்டேன். வேறு யார் யாரோ உட்கார்ந்தார்கள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு.

அதற்கு மூன்று வருஷம் கழித்து எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் அவனைப் பார்த்தேன். லேசாகத் தொப்பை, முழுக்கைச் சட்டை, கழுத்தில் விசிட்டர் அட்டை. ஏதோ மீட்டிங்குக்கு வந்திருக்கிறான், கூட இரண்டு பேர். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். முகம் மலரத்தான் செய்தது.

"எப்டி இருக்கீங்க?" என்றான்.

இருக்கேன் என்றேன். எத்தனை பேர் வீட்டில், எங்கே ஜாகை என்று விசாரித்துக்கொண்டோம். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. நான் இன்னும் அதே கேளம்பாக்கம், அதே வீடு. கூட வந்த இருவரும் லிப்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு அவன், பழைய கதை சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னான்.

"கல்யாணத்தன்னிக்கு உங்க பதிலு வரும்னு போனை மாமா கையில குட்த்துப் பாக்கச் சொல்லிகினே இருந்தேன். எல்லாருக்கும்தான் அனுப்புவேன். பதில் வர்றது உங்க ஒருத்தர்கிட்ட இருந்துதான்."

கோபம் இல்லை அவன் குரலில். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. தெரிந்த ஒரே வழி பதில் சொல்வதுதான். பதில் இன்னும் இருக்கிறது என்றேன்.

"சொல்லுங்க."

"போட்டப்புறம் இருட்டிரும்லா. அதான் மாலை."

சொல்லிவிட்டு, என்னை அறியாமல் முதுகைக் கொஞ்சம் அவன் பக்கம் திருப்பி நின்றிருக்கிறேன். அவனுடைய ஒரு கையில் லேப்டாப் பை. இன்னொரு கை சும்மாத்தான் இருந்தது.

அவன் சிரித்தான். நல்லா இருக்கு, நல்லாவே இருக்கு என்றான். லிப்ட் வந்துவிட்டது. சும்மா இருந்த கையை என் முன்னால் நீட்டினான். குலுக்கினேன்.