லாபக் கோழியின் எடை

"…ஒம்பதுதான் கண்ணு இருக்குது, இன்னொரு கோழி எங்க போச்சு?" என்று சித்தி கேட்டபோது நான் நிஜமாகவே குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். கோழிப் பண்ணையில் இருந்துகொண்டு கோழி எங்கே என்று கேட்டால் வேறு எங்கே தேடுவது? சித்தி மேசைக்கு அடியில் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. கோயமுத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பல்லடத்துக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணையில் வேலை கேட்டுப் போயிருந்தாள். வீட்டிலோ கொடுமுடியிலிருந்து வந்த வரன் ஒன்று பதிலுக்குக் காத்திருந்தது. வேலை கிடைத்தால் ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் நீங்கள் சொல்கிறபடி கழுத்தை நீட்டுகிறேன் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடித்திருந்தாள். நான் நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் இருந்ததால், வீட்டில் இருந்தால் வம்பு என்று சித்தியோடு பஸ் ஏற்றி விட்டிருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் முதலாளி தன் மகனுக்காக வாங்கியது. மகன் மேல்படிப்புக்குப் போய்விட, அது துணி போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. முதலாளிக்கு அதன் மேல் பெரிய மரியாதை இல்லை. சனிக்கிழமைதோறும் பத்துக் கோழிகளைப் பிடித்து எடை பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று மனசுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்து, பத்தாவது கோழி தரையில் இறங்குவதற்குள் சராசரியைச் சொல்லிவிடுவார். அதனால் சித்திக்கு ஒரு சோதனை வைத்தார். இந்தச் சனிக்கிழமை தான் சொல்லும் எடையும் மெசின் சொல்லும் எடையும் ஒன்றாக இருந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வரலாம். இல்லாவிட்டால், "மெசினையும் மூடிப்போடலாம், நீங்களும் ஊட்டுக்குப் போயிரலாமுங்க அம்மணி." எங்கள் பக்கத்தில் வேலை இல்லை என்பதைக்கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டால் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதலாளிக்கு அந்த நாளில் இருந்த ஒரே மனக்குறை லாரி. சனிக்கிழமை அவர் கணக்குப் போட்ட எடை, கோழி ஏற்ற வரும் லாரிக்காரரின் தராசில் ஒருநாளும் வராது. கோழிக்கு ஐம்பது கிராமாவது குறையும். தராசில் ஏதோ கைவேலை செய்கிறார்கள் என்று சண்டை பிடித்து மூன்று லாரிக்காரர்களை மாற்றிப் பார்த்துவிட்டார். மூன்று தராசிலும் அதே குறைச்சல்தான். உலகத்து லாரிக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள் என்பது அவருடைய முடிவு.

எடை போடுகிறவர் அந்தப் பண்ணையின் பழைய ஆள். எல்லோருக்கும் அவர் மாமன். கோழியின் காலைக் கட்டி, கொக்கித் தராசில் தலைகீழாகத் தொங்கவிட்டு, எத்தனையாவது கோழி, என்ன எடை என்று ராகம் போட்டுச் சொல்வார். அன்றைக்கு எழுதுவதற்கு என்னை உட்காரவைத்தாள் சித்தி. எனக்கு ஏக பெருமை.

முதல் கோழியைத் தூக்கியதும் மாமன், "லாபம்" என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் நிலக்கடலை அளக்கும்போதும் முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம். லாபம் சாமிக்குச் சேர்ந்தது, எண்ணிக்கையில் வராது என்று நானாக எப்படியோ முடிவுகட்டி வைத்திருந்தேன். எனவே முதல் வரியில் 'லாபம்' என்று அழகாக எழுதினேன். எடையை எழுதவில்லை. லாபத்துக்குப் போய் யாராவது எடை எழுதுவார்களா? இரண்டிலிருந்து பத்து வரைக்கும் ஒரு கிராம் விடாமல் எழுதிவிட்டேன்.

பிறகு கோழிக் கொட்டகையிலிருந்து ஆபீஸ் அறைக்கு வந்து, சித்தி முதலாளியைக் கூப்பிடப் போன நேரத்தில், தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடி எல்லாவற்றையும், சித்தி திரையில் தயாராகப் போட்டு வைத்திருந்த கணக்குக் கட்டங்களுக்குள் நானே அடித்தும் வைத்தேன். முதல் கட்டத்தில் 'லாபம்'. மற்ற ஒன்பதிலும் எடைகள். கம்ப்யூட்டரும் என் கட்சிதான் போலிருக்கிறது. எழுத்து இருந்த கட்டத்தைக் கண்டுகொள்ளாமல், மிச்சம் ஒன்பதைக் கூட்டி ஒன்பதால் வகுத்து ஆயிரத்து ஐந்நூறு கிராம் என்று அடியில் காட்டிவிட்டது.

முதலாளி மனசில் போட்ட கணக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. திரையைக் குனிந்து பார்த்தார். கோபிக்கவில்லை. "ஏனுங்க அம்மணி, அந்தக் கொட்டாயிலிருந்து இங்க நடந்து வாரதுக்குள்ள எம்பட கோழி அம்பது கிராம் எளைச்சுப்போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சித்தியின் காது மடல் சிவந்துபோனது. அப்போதுதான் அவள் கட்டங்களை எண்ணி, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

மேசைக்கு அடியிலிருந்து எழுந்து நான் நடந்ததைச் சொன்னேன். சித்தி என்னைத் திட்டவில்லை, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். அந்தக் கோழி இரண்டாயிரம் கோழிக்குள் போய்க் கலந்துவிட்டது. மறுபடி பிடிக்க முடியாது. மாமனுக்கு எடை நினைவில்லை. முதலாளி ஒவ்வொரு எடையையும் மொத்தத்தில் கூட்டியதும் மறந்துவிடுகிறவர்.

"பத்துக் கோழிக்கும் சேர்த்து உங்க சராசரி ஒண்ணு ஐநூத்தம்பது தானுங்களே?" என்று சித்தி கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் ஒரு காலிக் கட்டத்தில் அதைப் பத்தால் பெருக்கினாள். பதினைந்தரைக் கிலோ வந்தது. ஒன்பது கோழிகளின் கூட்டுத்தொகை பதிமூன்றரைக் கிலோ. கழித்தாள். இரண்டு கிலோ என்று வந்து நின்றது. அதை 'லாபம்' இருந்த இடத்தில் அடித்ததும், அடியில் இருந்த ஆயிரத்து ஐந்நூறு கண் முன்னாலேயே ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதாக மாறியது.

எனக்குத் தலை சுற்றியது. பார்க்காத கோழியின் எடை அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? பின்பக்கம் போய் எட்டிக்கூடப் பார்த்தேன், ஒயர்தான் இருந்தது. தவிரவும், நான் எழுதியதில் எந்தக் கோழியும் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது இல்லையே. இல்லாத ஒரு கோழியின் எடைக்காகப் பெரியவர்கள் ஏன் இந்தப் பாடு படுகிறார்கள் என்பதும் விளங்கவில்லை.

முதலாளிக்கு மட்டும் ஒரே சிரிப்பு. தொலைந்த கோழியைப் பிடித்துக் கொடுத்துவிட்டீர்களே, ஒன்றாம் தேதியே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தீவனக் கம்பெனி டாக்டருக்கு எடையைச் சொல்லப் போனை எடுத்தார். அப்பாடா, கொடுமுடி போச்சு என்று நான் நினைத்தேன்.

சித்தி சிரிக்கவில்லை. அந்த இரண்டு கிலோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஒன்பதும் ஆயிரத்து நானூறுக்கும் ஆயிரத்து அறுநூறுக்கும் நடுவில் இருந்தன. வாசலில் நின்ற மாமனிடம், முதல் கோழி மட்டும் இத்தனை கனமா என்று மெதுவாகக் கேட்டாள். மாமனுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"பின்னே? மத்ததெல்லாம் கைக்குச் சிக்குனதைப் புடிக்கறதுதானுங்க. லாபம் அப்புடியா? கொட்டாயிலயே நல்ல கொழுத்ததாப் பாத்துத்தான் மொதல்ல தூக்குவேன். லாபம் மெலிஞ்சு கெடந்தா நல்லாவாங்க இருக்கும்? இருவது வருசமா அப்புடித்தான்."

முதலாளி போனில் எண்களைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சித்தி எழுந்து, ஒரு நிமிஷம் போனை வைக்கச் சொன்னாள். அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார்.

"லாரிக்காரங்க தராசெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது," என்றாள்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. நான் சித்தியின் தாவணி நுனியை இழுத்தேன். வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்று இருந்தது எனக்கு. அவள் என் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்தாள். அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த கோழி இருந்த முதல் கட்டத்துக்குப் போய், அதை அழித்தாள். அடியில் மறுபடியும் ஆயிரத்து ஐந்நூறு வந்து நின்றது, லாரித் தராசில் வரும் அதே ஐம்பது கிராம் குறைச்சலோடு.